உள்ளே கிடந்த என்டர்

என் மகளுக்கு நான் எடுக்கும் தொலைபேசி அழைப்புகள் பல வருசமாக ஒரே மாதிரித்தான் இருந்தன.

"மகள், சாப்பிட்டயா?"

"ஓம் வாப்பா."

"படிக்கிறயா?"

"ஓம்."

"உம்மா சுகமா?"

"ஓம்."

"சரி, வைக்கட்டா?"

"ஓம்."

கத்தாரில் லொறி ஓட்டிய காலத்தில் இதற்கு ஒரு சாக்கு இருந்தது. லைன் இழுக்கும். நான் கேட்டது அவளிடம் போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். அவள் சொல்வது திரும்பி வர இன்னொரு மூச்சு. அதற்குள் நான் அடுத்த கேள்வியைத் தொடங்கிவிடுவேன். இரண்டு பேச்சும் நடுவழியில் முட்டிக்கொண்டு நிற்கும். ஊருக்கு வந்த பிறகு லைன் இழுக்கவில்லை. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

நான் ஒரு இடத்தில் கால் தரிக்காத ஆள். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். கொழும்பில் புடவைக்கடைச் சிப்பம் தூக்கினேன். பொலன்னறுவைப் பக்கம் சைக்கிளில் கைலிச் சாரம் விற்றேன். பிறகு கத்தார். மகள் நடக்கப் பழகியதையும் பல் விழுந்ததையும் போட்டோவில்தான் பார்த்தேன். நானும் அவளுடைய உம்மாவும் பிரிந்ததில் சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இல்லாத ஆளோடு எவ்வளவு காலம்தான் குடும்பம் நடத்துவது?

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பான். நான் பிறந்த வீடு மூத்தவளான ராத்தாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. நான் சீமெந்து வாங்கக் காசு அனுப்பிக் கட்டிய வீடு மகளின் உம்மாவுடையது, நாளைக்கு மகளுடையது. அது சரியான முறைதான், எனக்குக் குறை இல்லை. ஆனால் பிரிந்த ஆண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் நடப்பது என்பதற்கு அந்த முறையில் பதில் கிடையாது.

நான் கல்முனை மெயின் றோட்டில் ஒரு கொமினிகேஷன் கடைக்குள் நடந்தேன். போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் சைஸ் படம், கலியாணக் கார்ட் எல்லாம் அங்கே நடக்கும். முதலாளி காரைதீவுக்காரர், என்னைவிட இளையவர். கத்தார் போவதற்கு முன்னால் என் கடவுச்சீட்டுக் கொப்பிகளை எடுத்துத் தந்த பழக்கம். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. கடைக்குப் பின்னால் கடதாசிப் பெட்டிகள் அடுக்கிய அறை ஒன்று இருந்தது. பெட்டிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பாயை விரித்தேன்.

மகள் அப்போது கொழும்பில் போர்டிங் ஒன்றில் தங்கிக் கொம்பியூட்டர் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளுடைய வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம். கறுப்புத் திரை, கலர் கலராக எழுத்துகள், பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை. கீழே, ஜாவா எக்ஸாம், துஆ செய்யுங்க என்று எழுதியிருந்தது. வழக்கமான அழைப்பில் வழக்கமில்லாத ஒரு கேள்வி கேட்டேன்.

"ஜாவா என்டா என்ன மகள்?"

"அது ஒரு புரோகிராமிங் லாங்குவேஜ் வாப்பா. கொம்பியூட்டருக்கு வேல சொல்றது."

போனை வைத்த பிறகு யோசித்தேன். ஓம் அல்லாத ஒரு பதில். அதற்கு மேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கதைத்திருக்கலாம். தெரிந்துகொள்வதென்று முடிவெடுத்தேன்.

கடைக்குப் பின்பக்கத்துப் பள்ளிவாசலின் மோதினார் அடிக்கடி போன் ரீலோட் பண்ண வருவார். பாங்கு சொல்கிற குரலில்தான் சாதாரணக் கதையும் கதைப்பார். பழைய கொம்பியூட்டருக்கு முன்னால் நான் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்னகா செய்ற?"

"ஜாவா படிக்கன்."

"ஜாவா ஆக்கள்ட, மலாய்க்காரர்ட பாசையா? கொழும்பில என்னோட ஒரு ஜாவாக்காரர் இரிந்தார். நல்ல மனிசன். அச்சாறு போட்டா ஊரே வரும். ஓங்கிட்ட இப்ப ஆரு ஜாவா கதைக்கப் போறா?"

"மகள் கதைக்கிறா."

அவர் ரீலோட் நம்பரைச் சொன்னார்.

தமிழில் சொல்லித்தரும் வீடியோக்கள் கிடைத்தன. சொல்லித்தந்தவர் ஸ்ட்ரீம் என்பதை ஓடை என்றார். எனக்கு ஓடையைவிட, வயல்வட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் சுலபமாகப் பிடிபட்டது. ஒரு பக்கமாக மட்டும் ஓடும். உள்ளே வரும் வாய்க்கால் வேறு, வெளியே போகும் வாய்க்கால் வேறு. விசைப்பலகையில் நான் தட்டும் எழுத்துகள் ஒன்றின் பின் ஒன்றாக உள்வாய்க்காலில் வந்து நிற்கும். புரோகிராம் முன்னால் நிற்பதை எடுக்கும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வராது. எடுக்காமல் விட்டது அங்கேயே கிடக்கும். இந்தக் கடைசி விசயத்தையும் அவர் சொல்லத்தான் செய்தார். நான் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனேன்.

வெளியே போவதற்கு இரண்டு வாய்க்கால்கள். ஒன்று சொல்ல வேண்டியதைச் சொல்ல, மற்றது முறைப்பாடு சொல்ல. முதல் வாரங்களில் முறைப்பாட்டு வாய்க்காலில்தான் எனக்கு எல்லாம் வந்தது, சிவப்பு எழுத்தில்.

ஜாவாவில் எதற்கும் ஒரு பொருளை உண்டாக்க வேண்டும். தட்டியதை வாசிக்கும் ஸ்கேனர் என்பது ஒரு வகுப்பு, அதாவது அச்சு. நியூ என்று எழுதி அந்த அச்சிலிருந்து ஒரு ஸ்கேனரை வார்த்து, உள்வாய்க்காலை அதன் கையில் கொடுக்க வேண்டும். பிறகு அதனிடம் கேட்கலாம்: நெக்ஸ்ட் இன்ட் என்றால் அடுத்த எண்ணைத் தரும். நெக்ஸ்ட் என்றால் அடுத்த சொல்லைத் தரும். நெக்ஸ்ட் லைன் என்றால் என்டர் வரைக்கும் உள்ள முழு வரியைத் தரும்.

நான் எழுதிய முதல் புரோகிராம் பெயரைக் கேட்டு ஸலாம் சொல்லும். ஓட விட்டால் 'உங்கள் பெயர்?' என்று எழுதிவிட்டு நிற்கும். எழுத்தில்லாத இடத்தில் ஒரு கோடு மினுங்கும். நான் தட்டும் வரைக்கும் அது ஒன்றும் செய்யாது. ஒருநாள் அதை அப்படியே விட்டுவிட்டுப் போய் லுஹர் தொழுதுவிட்டு, சாப்பாட்டுப் பார்சலும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தேன். அப்போதும் நின்றுகொண்டிருந்தது. எனக்காக இப்படி ஒன்று காத்திருந்து எவ்வளவு காலம் என்று நினைத்தேன். பெயரைத் தட்டினேன். அஸ்ஸலாமு அலைக்கும் என்று சொல்லி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாதே.

"வஅலைக்கும் ஸலாம்" என்றேன்.

முதலாளி போட்டோக்கொப்பி மெசினுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "ஆரோட நானா கதைக்கிறீங்க?"

"மெசினோட."

"நல்லது. அது கடன் கேக்காது."

அந்தப் புரோகிராம் என் முழுப்பெயரைச் சொல்லவில்லை, முதற்சொல்லை மட்டுமே சொன்னது. எனக்கு அது உறைக்கவில்லை. எங்கள் ஊர்களில் ஆண்களில் பெரும்பாலானோருக்கு முதற்சொல் நபியின் பெயர்தான். கத்தாரில் கம்பனிக்காரர்களும் பொலிஸ்காரர்களும் அந்த ஒரு சொல்லால்தான் எங்கள் எல்லோரையும் கூப்பிடுவார்கள். அது என் பெயராகவே எனக்குப் பழகிப்போயிருந்தது.

நோன்பு வந்தது. பள்ளியில் அசர்த் தொழுகைக்குப் பிறகு கஞ்சி கொடுப்பார்கள். வீடுகளிலிருந்து வாளிகளை முன்னதாகவே கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். அந்த முறை யாரோ ஒரு கடைக்காரர் நீல வாளியை மலிவாகப் போட்டதில் பள்ளி முற்றம் முழுக்க ஒரே நீலம். வாளி மாறிப் போவதும், மாறிய வாளிக்கு வீட்டில் உம்மாமார் ஏசுவதும், ஏச்சு மோதினாரிடம் வந்து சேருவதுமாக இருந்தது. நம்பரும் பெயரும் போட்டு ஸ்டிக்கர் அடித்துத் தரச் சொல்லி அவர் கடைக்கு வந்தார்.

"முழுப்பேரும் போடணும். இனிசல் போட்டா எங்கட ஊரில பாதிப்பேருக்கு ஒரே இனிசல்தான்."

"வேர்ட்ல அடிச்சாப் போகும் நானா" என்றார் முதலாளி.

போகும்தான். ஆனால் வேர்டில் அடித்தால் மகளிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

புரோகிராம் எழுதினேன். நம்பரைக் கேட்கும், பெயரைக் கேட்கும், இரண்டையும் ஒரு கோப்பின் கடைசியில் எழுதிச் சேர்க்கும். கோப்புக்கும் ஒரு வெளிவாய்க்கால் வேண்டும். எழுதி முடிந்ததும் அதை மூட வேண்டும். மூடாவிட்டால் எழுதியது வழியிலேயே தேங்கி நின்றுவிடும், கோப்பு வெறுமையாக இருக்கும். அதைச் சரியாகச் செய்தேன். திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது எனக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு வாளிக்கும் புரோகிராமை ஒருமுறை ஓட விட்டேன். மோதினார் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கோப்பை முதலாளி ஸ்டிக்கர் மெசினுக்கு அனுப்பினார். கடையில் கூட்டம், யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. சுருளை மோதினாரிடம் கொடுத்தேன்.

அசர் முடிந்து கொஞ்ச நேரத்தில் அவர் சுருளோடு திரும்பி வந்தார்.

"என்னகா இது? எல்லா வாளியும் நபிட பேரில இரிக்கி. ஆருட வாளி என்டு மறுமையிலயா கேக்கிற?"

பார்த்தேன். ஒன்று, நபியின் பெயர். இரண்டு, நபியின் பெயர். இப்படியே போனது. இடையில் சிலருக்கு, இன்னாருடைய அடியான் என்று அரபியில் பொருள் தரும் பெயர்கள். அவற்றில் அடியான் மட்டும் இருந்தது, யாருடைய என்பது இல்லை. ஊரில் அரைவாசியை நான் ஒரே ஆளாக்கியிருந்தேன். முதலாளி சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். மோதினார் சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சரியாத் தா. இதக் குப்பையில போட்டிராத. எழுதியிரிக்கிறது ஆருட பேர் என்டு தெரியும்தானே."

போடவில்லை. சுருளை என் அறையில் கடதாசிப் பெட்டிகளுக்கு மேலே வைத்தேன். நான் பிழையாகச் செய்த வேலைகள் இதற்கு முன்னும் உண்டு. எறிய முடியாத பிழை அதுதான் முதல்.

காரணம் எனக்கே விளங்கியது. நெக்ஸ்ட் ஒரு சொல்லைத்தான் எடுக்கும், இடைவெளியைக் கண்டால் நின்றுவிடும். முழுப்பெயருக்கு நெக்ஸ்ட் லைன் போட வேண்டும். மறுநாள் மாற்றிவிட்டு ஓட விட்டேன். நம்பரைக் கேட்டது, ஏழு தட்டினேன். பெயரைக் கேட்டது. கேட்ட கையோடு முடிந்தது. நான் விரலை வைப்பதற்குள் திரை பழையபடி ஆகிவிட்டது. கோப்பில் ஏழு என்று இருந்தது, பக்கத்தில் வெறுமை. மறுபடி ஓட விட்டேன், மறுபடியும் அதேதான். நான் தொழுதுவிட்டு வரும்வரை முதல் புரோகிராம் எனக்காக நின்றது, இது நிற்கவில்லை.

சிவப்பு எழுத்தும் வரவில்லை. பிழை என்று அது நினைக்கவேயில்லை.

மகளுக்கு எடுத்தேன்.

"மகள், நோன்பா?"

"ஓம் வாப்பா."

"எனக்கு ஜாவாவில ஒரு கேள்வி இரிக்கி."

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "என்னது?" என்றாள்.

சொன்னேன். வாளி, ஸ்டிக்கர், மோதினார், எல்லாம். மறுமையிலயா கேக்கிற என்ற இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பு அவளுடைய உம்மாவின் சிரிப்புப் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, என் ராத்தாவின் சிரிப்பு.

"நம்பருக்கு என்ன போட்டிரிக்கீங்க வாப்பா?"

"நெக்ஸ்ட் இன்ட்."

"பேருக்கு?"

"முதல்ல நெக்ஸ்ட். இப்ப நெக்ஸ்ட் லைன்."

"எங்கட கிளாஸில எல்லாரும் விழுந்த கிடங்குதான் அது. நீங்க ஏழு அடிச்சிட்டு என்டர் தட்டுறீங்களா? நெக்ஸ்ட் இன்ட் ஏழ மட்டும் எடுக்கும். என்டர் உள்ளுக்கயே கிடக்கும். பொறகு நெக்ஸ்ட் லைன் வந்து பாக்கும். முன்னுக்கு என்டர் கிடக்கு, சரி, வரி முடிஞ்சி என்டு நினைச்சி அந்த வெறும் வரியத் தூக்கிட்டுப் போயிரும். நீங்க பேர் சொல்ற வரைக்கும் நிக்காது."

"முதல்ல நெக்ஸ்ட் போட்ட நேரம் நிண்டதே?"

"அது என்டரயும் இடைவெளியயும் கணக்கெடுக்காம தாண்டி, சொல்லத் தேடிப் போகும். லைன் அப்பிடித் தாண்டாது."

"அப்ப நான் என்ன செய்ற?"

"நடுவுல சும்மா ஒரு நெக்ஸ்ட் லைன் போடுங்க. அதுக்கு வெறும் வரிதான் வரும். எடுத்துட்டு ஒண்டும் செய்யாம உடுங்க. மறுகா பேரக் கேளுங்க."

"ஒண்டும் செய்யாமயா?"

"ஓம். அது காலியாத்தான் வரும் வாப்பா. அது பிழையில்ல. அதக் கடந்து போகணும், அவ்வளவுதான்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்த வரியைச் சேர்த்தேன். ஏழு. என்டர். பெயரைக் கேட்டுவிட்டு நின்றது. கோடு மினுங்கியது.

"நிக்கிது மகள்!"

"ஓம், நிக்கும்."

"சரி, வைக்கட்டா?"

"ஓம்" என்றாள்.

வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. பழக்க தோசம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் அந்த ஓமைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தாளோ? இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டிக்கர்களை அடித்து முடித்தேன். முழுப்பெயர்கள் சரியாக விழுந்தன. மோதினார் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்ப மனிசராகிட்டாங்க" என்றார். எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். அறையில் உட்கார்ந்து அந்த வரியையே பார்த்தேன். ஒன்றும் செய்யாத வரி. படிக்கிறவருக்கு அது தேவையற்றது போலத் தெரியும். எடுத்துவிட்டால் அதற்குப் பின்னால் வருவது எல்லாம் வெறுமையாகும்.

சாப்பிட்டயா என்று கேட்கிறேன். ஓம் வருகிறது. நான் எடுத்துக்கொள்வது அந்த ஓமை மட்டும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன மௌனம் கிடக்கிறது. அதை அடுத்த கேள்வியின் பதில் என்று எடுத்துக்கொண்டு, இதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டி, வைக்கட்டா என்கிறேன். இத்தனை வருசமும் அப்படித்தான் செய்திருக்கிறேன் போல. இது அவள் சொன்னதல்ல, நானாக நினைத்தது. பிழையாகவும் இருக்கலாம்.

அடுத்த நாள் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தேன். முதலாளி கடையை என்னிடம் விட்டுவிட்டுக் காரைதீவுக்குப் போய்விட்டார். றோட்டில் வாகனங்கள் குறைந்து, நோன்பு திறக்கும் நேரத்து அமைதி வந்துகொண்டிருந்தது. என் முன்னால் ஒரு கோப்பைக் கஞ்சியும் ஈச்சம்பழமும். என் பங்குக் கஞ்சிக்கும் மோதினார் ஒரு நீல வாளி வைத்திருந்தார், முழுப்பெயரோடு.

"நோன்பா மகள்?"

"ஓம் வாப்பா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. வாய் வரைக்கும் வந்த வைக்கட்டாவை விழுங்கினேன். அந்த மௌனம் நீளமாக இருந்தது. நான் பழகாததால் அப்படித் தெரிந்திருக்கும்.

"வாப்பா, இரிக்கீங்களா?"

"ஓம், இரிக்கன்."

"லைன் கட்டாகிட்டு என்டு நினைச்சன்." பிறகு, "ரூமில ஆருமில்ல. எல்லாரும் ஊருக்குப் போய்ட்டாங்க. எனக்கு மட்டும் எக்ஸாம் பிந்தி" என்றாள்.

"நோன்பு திறக்க என்ன வெச்சிரிக்காய்?"

"பணிஸ். ஒரு தோடம்பழம்."

அப்போது எங்கள் பள்ளியில் பாங்கு ஒலித்தது, போனுக்குள்ளும் கேட்கும் அளவுக்கு மோதினாரின் குரல்.

"உங்களுக்குப் பாங்கு சொல்லிட்டு" என்றாள். "எங்களுக்கு இன்னும் நேரமிரிக்கி. கொழும்பில சூரியன் பிந்தித்தான் விழும். நீங்க தொறங்க."

ஈச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஸ்டிக்கர் சரியா வந்திச்சா?" என்று கேட்டாள்.

"வந்திச்சி. மோதினார் எல்லாத்தயும் வாசிச்சிப் பாத்தார்."

"மறுகா?"

மறுகா என்றால் பிறகு. கதை கேட்கிறவர் கதை சொல்கிறவரை நகர்த்துவதற்கு எங்கள் பக்கத்தில் போடும் சொல் அது. என்னிடம் யாரும் அதைக் கேட்டுப் பல வருசமாகிவிட்டது. கத்தார் அறையில் எட்டுப் பேர் படுத்திருந்தோம். ஆளுக்கொரு பாசை, ஆளுக்கொரு போன். யாருடைய கதைக்கும் யாரும் மறுகா கேட்டதில்லை.

சொன்னேன். இப்ப மனிசராகிட்டாங்க என்று அவர் சொன்னதைச் சொன்னேன். பழைய சுருள் எறிய முடியாமல் பெட்டிக்கு மேலே இருப்பதைச் சொன்னேன்.

"மறுகா?"

ஜாவாக்காரர் அச்சாறு போட்ட கதையைச் சொன்னேன். மெசினுக்கு ஸலாம் சொன்னதைச் சொன்னேன். அதில் சிரித்தாள். எனக்குச் சொல்வதற்கு இவ்வளவு இருந்ததென்று எனக்கே தெரியாது. அவள் தரப்பில் இடைக்கிடை சத்தமில்லாமல் போகும். நான் பேசாமல் இருப்பேன். பிறகு வருவாள். ஒருமுறை அப்படி வந்தபோது, எக்ஸாமுக்குப் பயமாக இருக்கிறது, உம்மாவிடம் சொல்லவில்லை என்றாள். நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

"மறுகா?" என்றேன்.

சொல்லத் தொடங்கினாள். பாதியில் அந்தப் பக்கம் தூரத்தில் பாங்கு கேட்டது, எனக்குத் தெரியாத ஒரு குரலில்.

"சொல்லுது வாப்பா. வைக்கட்டா?"

"ஓம்" என்றேன்.

கடையில் யாரும் இல்லை. றோட்டிலும் யாரும் இல்லை, எல்லோரும் வீடுகளில் நோன்பு திறந்துகொண்டிருந்தார்கள். கஞ்சி ஆறி மேலே ஆடை படர்ந்திருந்தது. அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.